இந்தக் காசு ஏன் வருகிறது?

இருபாலைச் சந்தி தொடங்கி நீர்வேலி வரைக்கும் பருத்தித்துறை வீதியின் இரண்டு கரையிலும் இப்போது ஷட்டர் போட்ட கடைகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. நான் இளந்தாரியாக இருந்த காலத்தில் புகையிலையும் வெங்காயமும் நின்ற செம்மண் தறைகளில் இன்றைக்கு ஹாட்வெயார், பார்மசி, ரியூசன் சென்டர், மோட்டார் சைக்கிள் கராஜ், கேக் செய்து கொடுக்கும் வீடு, விழா மண்டபம். பல்கலைக்கழகத்தைச் சுற்றித் திருநெல்வேலியில் இடம் இறுகிப்போக, வீடு கட்டுகிறவர்கள் கோப்பாய்ப் பக்கம் வருகிறார்கள். இரண்டு பரப்பு, மூன்று பரப்பு என்று காணி வாங்கி மதில் கட்டுகிறார்கள். சனம் கூடுகிறது, கடை கூடுகிறது. இதைப் பார்த்துத்தான், தம்பி தங்கச்சிமாரே, நீங்களும் தொழில் தொடங்கத் துணிந்திருக்கிறீர்கள். ஊரை விட்டுப் போகாமல் இங்கேயே முதல் போட்டு நிற்க நினைக்கிற பிள்ளைகளைக் காண்பது எங்கள் வயதுக்காரருக்குப் பெரிய ஆறுதல்.

இந்த வீதியில் நீண்டகாலம் கடை நடத்தியவன் என்ற உரிமையில் உங்களுக்கு ஒரு கேள்வியைச் சொல்லித் தருகிறேன். நட்டம் வந்தால் காரணம் தேடாத ஆளில்லை. லாபம் வரும்போது யாரும் தேடுவதில்லை, தன் கெட்டித்தனம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மேசை லாச்சி நிறைகிற நாளில்தான் இருந்து யோசிக்க வேண்டும்: இந்தக் காசு ஏன் வருகிறது? எங்கள் குடாநாட்டில் அந்தக் கேள்விக்கு அடிக்கடி கிடைத்த பதில், எங்கேயோ ஒரு பாதை பூட்டியது அல்லது திறந்தது என்பதுதான். பூட்டுகிற சாவியும் திறக்கிற சாவியும் கடைக்காரன் கையில் ஒருநாளும் இருந்ததில்லை.

எழுபதுகளை எடுத்துக்கொள்ளுங்கோ. 1970இல் வந்த அரசாங்கம் வெங்காயம், செத்தல் மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. கோப்பாய், உரும்பிராய், புத்தூர்த் தோட்டக்காரர் கண்ட விலை அதற்கு முதல் ஒருவரும் காணாதது. கொழும்புக்கு லொறி லொறியாக மூட்டை போனது. படித்த பொடியன்கள் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் மிளகாய் நட்டுக் கையில் காசோடு ஊருக்கு வந்தார்கள். ஓலை வீடுகள் கல்வீடுகளாயின. உரக்கடை, இறைக்கிற மெசின் திருத்துகிற கடை, துணிக்கடை எல்லாவற்றிலும் அந்தக் காசு ஓடியது. 1977இல் புதிய அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டது. வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வந்து இறங்க, விலை விழுந்தது. அடுத்த போகத்தை நம்பிக் கடன்பட்டு லொறி வாங்கியவர்கள், தோட்டக்காரரை நம்பிக் கடனுக்கு உரம் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒன்றாக இடறினார்கள். அவர்கள் உழைப்பில் குறைவிருக்கவில்லை. விலையைத் தந்தது தடை. தடை எடுபட விலையும் போனது.

எங்கள் பேரன்மார் காலத்துப் புகையிலையும் இதே பாடத்தைத்தான் சொன்னது. யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெரிய சந்தை. அங்கே தீர்வை ஏற, இங்கே தோட்டம் ஆட்டங்கண்டது. கடல் கடந்து ஒரு மேசையில் வைத்த கையெழுத்து கோப்பாய்த் தறையில் விளங்கியது.

பிறகு 1990. குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் என்று எது கேட்டாலும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் திரி போட்டுப் பிள்ளைகள் படித்தார்கள், பனங்களியில் உடுப்புத் தோய்த்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். அந்தக் காலத்தில் இரண்டு விதமான தொழில்காரரை நான் கண்டேன். ஒரு பகுதி சாமானைப் பதுக்கி வைத்து விலை ஏற விற்றது. மற்றப் பகுதி இருக்கிறதைக் கொண்டு சனத்தின் வாழ்க்கை ஓட வழி பார்த்தது: மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடத் திருத்தியவர்கள், இறைக்கிற மெசினுக்குப் பாகம் கடைந்து கொடுத்தவர்கள், தேய்ந்த சைக்கிள் பாகத்தை மறுபடி ஓட வைத்தவர்கள். 2002இல் ஏ9 வீதி திறந்தபோது பதுக்கினவரின் வியாபாரம் அந்த மாதமே முடிந்தது. சனம் அவர்களின் வாசலைத் தாண்டிப் போனது, முகம் பார்க்கவில்லை. திருத்தத் தெரிந்தவனுக்கோ வேலை கூடியது, ஏனென்றால் திறந்த பாதையால் இன்னும் நிறைய மெசின் வந்தது. 2006 ஆகஸ்டில் முகமாலையில் பாதை மறுபடி பூட்டுப்பட்டது, 2009இல் திறந்தது. ஒவ்வொரு முறையும் இதுவேதான் நடந்தது. ஆகவே உங்கள் தொழிலில் எது பாதை பூட்டினாலும் திறந்தாலும் நிற்கும் என்று தேடுங்கோ. பெரும்பாலும் அது கைத்திறனும், ஆள் அறிமுகமும், சொன்ன நேரத்துக்கு வேலை முடித்துக் கொடுக்கும் பழக்கமும்தான். சாமானை யாரும் கொண்டுவந்து இறக்கலாம்.

2009க்குப் பிறகு பாதையால் சாமான் மட்டும் வரவில்லை, கடனும் வந்தது. வங்கிக் கிளை, லீசிங் கொம்பனி, வீட்டு வாசலில் குழுவாகக் கூட்டி இருத்திக் கொடுக்கும் நுண்கடன். ஓட்டோ, லான்ட்மாஸ்டர், மோட்டார் சைக்கிள், குளிரூட்டி எல்லாம் தவணைக்கு. தவணை கட்டமுடியாமல் வாகனத்தைப் பறிகொடுத்த வீடுகள் எங்கள் ஒழுங்கைகளில் உண்டு. அதனால் கடன் எடுக்கவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கணக்கைப் பார்க்கத் தெரியாமல் எடுக்க வேண்டாம் என்கிறேன். 3 லட்சம் ரூபாய் எடுக்கிறீர்கள், 3 வருடம், 15 வீதம் ‘பிளாட் ரேட்’ என்கிறார்கள் என்று வைப்போம். வருடம் 45,000 வட்டி, மூன்று வருடத்துக்கு 1,35,000. மொத்தம் 4,35,000ஐ 36ஆல் பிரித்தால் மாதம் 12,083 ரூபாய். 15 வீதம் என்று கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் நீங்கள் முதலையும் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறீர்கள், வட்டி மட்டும் கடைசி மாதம் வரைக்கும் முழு 3 லட்சத்துக்கும் கணக்காகிறது. குறைந்துவரும் மீதிக்கு வைத்துப் பார்த்தால் உண்மையான வட்டி வருடம் 26 வீதத்தைத் தொடுகிறது. உங்கள் தொழில் வருடம் 26 வீதத்துக்கு மேல் உழைக்குமா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதாமல் கையெழுத்து வைக்காதையுங்கோ. ‘குறைந்து செல்லும் மீதிக்கு எத்தனை வீதம்’ என்று நேரே கேளுங்கோ. கேட்கிறவனுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

2022ஐ நீங்களே கண்டீர்கள். மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்ப் பக்கம் நின்றது, மே மாதம் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்ட. வங்கிக் கடன் வட்டி 25 வீதத்தைத் தாண்டியது. அந்த மாதங்களில் கடையில் சாமான் வைத்திருந்தவர்கள் நல்ல லாபம் கண்டதாக நினைத்தார்கள். 1,000 ரூபாய்க்கு வாங்கியதை 1,500க்கு விற்றார்கள். அதே சாமானைத் திருப்பி எடுக்கப் போனபோது விலை 1,600. 500 ரூபாய் லாபம் என்று வீட்டுச் செலவுக்கு எடுத்தவனின் தட்டு மெதுவாக வெறுமையானது. விலை ஏறுகிற காலத்தில், திருப்பி வாங்கும் விலையைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம். அப்போது தட்டை நிரப்பி வைத்த கடை இன்றைக்கும் நிற்கிறது.

இனி இன்றைய கோப்பாய்க்கு வருவோம். உங்கள் கடைக்கு வருகிற காசு ஒரே நிறத்தில் இருந்தாலும் வருகிற வழி வேறு வேறு. ஆசிரியர், அலுவலர் வீட்டுக் காசு 25ஆம் திகதியை ஒட்டி வரும், பெரிதாக ஏறாது, பெரிதாக இறங்காது. ஆசிரியர் கலாசாலை இருக்கும் ஊர் இது, அந்தக் காசைக் குறைவாக மதிக்காதையுங்கோ. தோட்டக் காசு வெங்காயம் கிண்டும்போதும் புகையிலை விற்கும்போதும் வரும், மழை பிழைத்தால் வராது. மற்ற இரண்டைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

ஒன்று கட்டிடக் காசு. ஒரு வீடு எழும்பும்போது சீமெந்து, கம்பி, ஓடு, பைப், பெயின்ற் என்று ஹாட்வெயார்க்காரனுக்கு ஒரு வருடம் ஓட்டமான வியாபாரம். வீடு முடிந்ததும் அந்த வீட்டுக்காரர் திரும்பி வர வேண்டிய தேவை இல்லை. பக்கத்துத் தறையில் இன்னொரு வீடு எழும்பும் வரைதான் அது ஓடும், வீடு எழுப்பத் தறை இல்லாமல் போகும் நாளும் வரும். ஆகவே ஹாட்வெயார் போடுகிற தம்பி, அந்த வீட்டின் தண்ணீர் மோட்டரை யார் திருத்துகிறார், குழாய் கசிந்தால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று இன்றைக்கே பாருங்கோ. வீடு நிற்கும்வரை அந்த வேலை நிற்கும். ஒரு நல்ல பிளம்பரையும் ஒரு வயரிங் பொடியனையும் கடையோடு சேர்த்து வைத்திருப்பவன், பத்து வருடத்துக்குப் பிறகும் அதே இடத்தில் கடை வைத்திருப்பான்.

மற்றது வெளிநாட்டுக் காசு. நல்லூர்க் கொடியேற்றம் முதல் தேர், தீர்த்தம் வரைக்கும், யூலை ஓகஸ்ட் விடுமுறையில், கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் சுவிஸில் இருந்தும் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். கலியாணம், சாமத்தியவீடு, கோயில் உபயம். அந்த ஆறு கிழமை வியாபாரத்தைப் பார்த்து வருடத்தைக் கணக்குப் போட்டால் மார்கழியில் வாடகை கட்டமுடியாது. அந்த ஆட்களுக்கு வைத்த விலையை ஊராளுக்கும் வைத்தால் ஊராள் சத்தமில்லாமல் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்விடுவார். வெளிநாட்டுக் காசு வருவது நல்லது. அதை வாடகைக்கும் சம்பளத்துக்கும் நம்பாமல், தட்டு நிரப்பவும் கடன் அடைக்கவும் பயன்படுத்துங்கோ.

முதலாக வரும் வெளிநாட்டுக் காசு இன்னும் நுணுக்கமானது. அண்ணன் பிரான்சில் இருந்து 20 லட்சம் அனுப்புகிறார். அது அன்பளிப்பா, கடனா, பங்கா? யாரும் கேட்பதில்லை, கேட்டால் மரியாதைக்குறைவு என்று நினைக்கிறோம். அஞ்சு வருடத்துக்குப் பிறகு அண்ணன் வந்து கடையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல, அண்ணியும் தங்கச்சியும் கதைக்காமல் போகிற குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். காசு வந்த கிழமையே ஒரு கடுதாசியில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கோ. இன்னொரு விசயம்: வட்டியில்லாக் காசு நட்டத்தை மறைக்கும். அந்த 20 லட்சத்தை 8 வீதத்துக்கு வங்கியில் போட்டிருந்தால் வருடம் 1,60,000 வந்திருக்கும். கடை அந்த 1,60,000க்கும், நீங்கள் இன்னொரு இடத்தில் வேலை செய்திருந்தால் வாங்கும் சம்பளத்துக்கும் மேலாக உழைக்காவிட்டால், அது அண்ணனின் வேர்வையைத் தின்று நடக்கிறது. பனியில் நின்று உழைத்த காசு அது.

கடன் கொப்பியைப் பற்றி இரண்டு நாளும் கதைக்கலாம். ‘கடன் இல்லை’ என்று எழுதித் தொங்கவிட்டு எங்கள் ஊரில் பலசரக்குக் கடை நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். கடன்தான் ஊராளைக் கடையோடு கட்டும் கயிறு. ஆனால் கொப்பிக்கு எல்லை வேண்டும். சம்பளக்காரருக்குச் சம்பள நாள், தோட்டக்காரருக்கு அறுவடை என்று ஆளுக்குரிய தவணை. பழையது தீராமல் புதியது எழுதுவதில்லை என்ற ஒழுங்கு. நூற்றுக்குப் பத்து லாபம் வைத்து விற்கிற கடையில் 10,000 ரூபாய் கடன் வராமல் போனால், அதை ஈடுகட்ட இன்னும் ஒரு லட்சத்துக்கு விற்க வேண்டும். இதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கோ.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்து எழும்பிப் போனபோது, செம்மணிப் பக்கத்தாலும் கோப்பாய் கைதடி வீதியாலும் சனம் மழைக்குள் நடந்தது. எங்கள் ஐயா உடுப்போடு கடைக் கொப்பியையும் எடுத்துச் சுற்றினார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கடைக்குக் கூரை இல்லை, தட்டில் ஒன்றும் இல்லை. கொப்பியில் பெயர் இருந்த ஆக்கள் சிலர் தாங்களாகவே வந்து கொடுக்க இருந்ததைக் கொடுத்தார்கள். சிலரிடம் ஐயா கேட்கவேயில்லை. பட்டணத்து மொத்த வியாபாரி ஒருவர் எழுத்தில்லாமல் முதல் மூட்டையைத் தந்தார். கடை மறுபடி அந்த மூட்டையில்தான் தொடங்கியது. தவணை தவறாமல் கட்டிய ஆள் என்ற பெயர் அன்றைக்குக் காசாக நின்றது.

பச்சையாக விற்பதைவிடச் செய்து விற்பதில் காசு இருக்கிறது என்பதை எங்கள் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். புகையிலையைச் சுருட்டாகச் சுற்றித் தெற்கே கொண்டுபோய், சிங்களக் கிராமங்களில் கடை போட்டார்கள். மருமகப் பொடியன்கள் அந்தக் கடைகளிலேயே படுத்தெழும்பி, சிங்களம் படித்து, தொழில் படித்து, தங்களுக்கென்று ஒரு கடை திறந்தார்கள். 1958, 1977, 1983 கலவரங்களில் அந்தக் கடைகள் எரிந்தன. எரியும்வரை அவை ஒரு பெரிய தொழிற்பள்ளிக்கூடமாக இருந்தன. கோப்பியை அரைத்துப் பைக்கற் போட்டுப் பெயர் எடுத்தது இணுவில் அண்ணா கோப்பி. மில்க்வைற் சவர்க்காரத் தொழிலகத்தை நடத்திய கனகராசா அவர்கள் சவர்க்காரத்தோடு நிற்கவில்லை. பனம்விதை நாட்டுவித்தார், மரக்கன்று கொடுத்தார், ‘மில்க்வைற் செய்தி’ என்று இதழ் வெளியிட்டார். என் தலைமுறைக்கு அந்தப் பெயர் சவர்க்காரத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை, ஊரில் அக்கறை உள்ள ஒரு மனிதரின் பெயராக இருந்தது. நீர்வேலி வாழைக்குலை இன்றைக்கும் குலையாகத்தான் லொறி ஏறுகிறது. மிளகாய்த்தூள், ஒடியல், வாழைக்காய்ப் பொரியல் என்று வீட்டில் செய்யும் தங்கச்சிமார் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு ஒழுங்குகளைச் செய்து, பைக்கற்றில் திகதி போட்டு, ஒரே சுவையைத் தவறாமல் கொடுத்தால், கொழும்பு வரைக்கும் போகலாம்.

தனியாகச் சாமான் எடுக்கிற சின்னக் கடைக்காரன் எப்போதும் கூட விலை கொடுக்கிறான். மூளாயில் 1936இல் கூட்டுறவாகச் சேர்ந்து ஆஸ்பத்திரியே கட்டிய சனம் நாங்கள். ஐந்து கடைக்காரர் சேர்ந்து கொழும்பில் ஒரு லொறி நிரப்ப முடியாதா?

கராஜ், சேர்விஸ் ஸ்ரேசன், சாப்பாட்டுக்கடை போடுகிற பிள்ளைகளிடம் கையெடுத்துக் கேட்கிறேன். எங்களுக்கு வருடம் முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்குகிற மழைத்தண்ணியைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். கழிவு எண்ணெயை நிலத்தில் ஊற்றினால் அது கல்லு வெடிப்பால் இறங்கிப் பக்கத்து வளவுக் கிணற்றுக்குப் போகும். 2014, 2015இல் சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பவுசர்த் தண்ணிக்கு நின்றதை மறக்கவேண்டாம். பழைய எண்ணெயைப் பீப்பாவில் சேர்த்து எடுக்கிற ஆக்களிடம் கொடுங்கோ. மலக்குழியைக் கிணற்றில் இருந்து தள்ளிக் கட்டுங்கோ. இதற்குச் செலவாகும். அந்தச் செலவைச் சேர்த்தே விலை போடுங்கோ.

எழுத்து வேலைகளைத் தள்ளிப் போடாதையுங்கோ. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையில் அனுமதிப்பத்திரம், வங்கியில் கடைக்கென்று தனிக் கணக்கு. உங்களுக்கும் மாதச் சம்பளம் ஒன்று எழுதி எடுங்கோ, லாச்சியில் இருந்து வீட்டுக்கு அள்ளாதையுங்கோ. வேலைக்கு நிற்கும் பிள்ளைக்கு 40,000 சம்பளம் என்றால், அவரின் பங்கு 8 வீதம் 3,200, உங்கள் பங்கு 12 வீதம் 4,800, இரண்டும் ஊழியர் சேமலாப நிதிக்கு. அதற்கு மேல் உங்கள் கையால் 3 வீதம், 1,200, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு. அவரை வைத்திருக்கும் செலவு 46,000 என்று கணக்குப் போட்டுத்தான் வேலைக்கு எடுக்க வேண்டும். சேமலாப நிதிச் சட்டம் 1958இலேயே வந்தது. ‘சின்னக் கடைதானே’ என்று சொல்லி வயதான காலத்தில் ஒரு மனிதரைக் கைவெறுமையாக விடுவது பாவம். அந்தப் பிள்ளை நாளைக்கு வெளிநாடு போகலாம், பக்கத்திலேயே உங்களுக்குப் போட்டியாகக் கடை போடலாம். போடட்டும். தொழில் சொல்லிக் கொடுங்கோ. தெற்கே சுருட்டுக் கடை வைத்த ஆக்கள் அப்படித்தான் ஊருக்கு ஊர் பெருகினார்கள்.

புதுக் கொப்பி ஒன்று வாங்குங்கோ. நாலு நிரல் போடுங்கோ: சம்பளக் காசு, தோட்டக் காசு, கட்டிடக் காசு, வெளிநாட்டுக் காசு. பின்னேரம் கடை பூட்ட முதல் அன்றைய வியாபாரத்தைப் பிரித்து எழுதுங்கோ. எல்லா ஆளையும் உங்களுக்குத் தெரியும், சரியாகப் பிரிக்கலாம். ஒரு வருடம் நிறைந்ததும் கொப்பியைக் கொண்டு வாங்கோ. எந்த நிரல் நின்றுபோனாலும் கடை நிற்குமா என்று இருந்து பார்ப்போம்.